பாலிஷ் போட்ட சட்டி

பிப்ரவரி 4

மதிப்பிற்குரிய வீட்டுக்காரருக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். சாப்பிட்டேன். தங்கும் விடுதியில் இரண்டடுக்குக் கட்டில், எனக்கு மேல் தட்டு. இதற்கு மேல் நலம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

போன் பண்ணாதீர்கள், எடுக்க மாட்டேன். போனில் பேசினால் நடுவில் ஒரு ஜோக் அடித்துப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். நானும் சிரித்துத் தொலைப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கடிதத்தோடு சட்டியும் வருகிறது. நம் தெரு வழியாகப் போகிற பஸ்ஸின் கண்டக்டர் அண்ணனிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். அவரை நிற்க வைக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நடந்தது இது. இந்தத் தொழிற்சாலை கேண்டீனில் பொரிக்கிற வரிசை என்று ஒன்று உண்டு. அதில் நிற்கிற பெண்கள் அவரவர் வார்ப்பிரும்புச் சட்டியைச் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். அதை இன்னொருத்தி தொடக் கூடாது, கழுவக் கூடக் கூடாது. புதிதாக வருகிறவள் பெரிய மாஸ்டர் முன்னால் தன் சட்டியில் ஒரு முட்டையை உடைத்து ஊற்ற வேண்டும். கரண்டி கிடையாது. சட்டியைச் சாய்த்தால் முட்டை தானாக வழுக்கித் தட்டில் விழ வேண்டும். அதுதான் இங்கே இன்டர்வியூ. இதைக் கேட்டதும் நான் சிரித்தேன். 'இது ஒரு பரீட்சையா' என்று பக்கத்தில் நின்றவளிடம் பீற்றிக்கொண்டேன்.

பிறகு மூட்டையைப் பிரித்தேன். அத்தனை பேர் நடுவில். உள்ளே என் சட்டி இல்லை. வெள்ளி மாதிரி ஒரு சாமான் இருந்தது. அதில் கூரை தெரிந்தது, டியூப்லைட் தெரிந்தது, வாயைப் பிளந்துகொண்டு நான் தெரிந்தேன். "ஷோகேஸ்ல வைக்கிற சட்டியாம்மா?" என்று ஒருத்தி கேட்டாள். முட்டையை ஊற்றினேன். பிடித்துக்கொண்டது. சாய்த்தேன், குலுக்கினேன், தலைகீழாகக் கவிழ்த்தேன். வரவில்லை.

மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதை வெச்சு சுவத்துல போஸ்டர் ஒட்டலாம்மா. போ, கழுவுற பக்கம் ஆள் கம்மியா இருக்கு."

இப்போது நான் கழுவுகிற பக்கம் நிற்கிறேன்.

உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. உங்கள் பாலிஷ் பட்டறை வாசலில் என் முட்டை வண்டி நின்றபோது, அந்தச் சட்டியில்தான் நீங்கள் தினமும் சாப்பிட்டீர்கள். தெருவைச் சுத்தம் செய்கிறோம் என்று லாரி வந்ததே, அன்றைக்கு வண்டி போனது, அடுப்பு போனது, குடை போனது. நான் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடியது அந்தச் சட்டி ஒன்றைத்தான். சூட்டோடு. தழும்பு இன்னும் இருக்கிறது. லாரிக்காரன் விட்டுவிட்டுப் போனதை வீட்டுக்குள் நீங்கள் முடித்துவைத்தீர்கள். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. எத்தனையோ வருஷம் எண்ணெயும் தீயும் சேர்ந்து போட்ட தோல் அது. அதை உரித்துவிட்டீர்கள்.

ஒரே ஒரு கேள்வி. நான் இந்த வேலைக்குப் போகக் கூடாது என்றுதானே அப்படிச் செய்தீர்கள்? நேராகப் பதில் எழுதுங்கள். ஜோக் வேண்டாம்.

பொரிக்கிற வரிசையில் ஒருத்தி மாதக் கடைசியில் பிரசவத்துக்காக நின்றுவிடுகிறாள். ஒழுங்கான சட்டியோடு வந்தால் இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். கழுவுகிறவர்களை இங்கே அடுப்புப் பக்கம் விட மாட்டார்கள். விடுதியில் அடுப்பே கிடையாது. ஆகவே சட்டியை நீங்கள்தான் பழக்க வேண்டும். கெடுத்த கையே சரிபண்ணட்டும்.

இப்படிக்கு,
சட்டிக்குச் சொந்தக்காரி


பிப்ரவரி 9

என் ராங்கிக்காரிக்கு,

'மதிப்பிற்குரிய' என்று படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று நினைத்தேன். ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போடும்போது கூட 'டேய், பேனாவக் குடுடா' என்றவள் நீ. 'நீங்கள்' என்று எழுதினால் எனக்குக் காய்ச்சல் வருகிறது. திட்டு, ஆனால் 'நீ' போட்டுத் திட்டு.

சரி, ஜோக் இல்லை. பதில்.

நீ போகக் கூடாது என்று நினைத்தேனா? நினைத்தேன். பட்டறையில் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. நீ போகாவிட்டால் வாடகை கொடுக்க முடியாது என்று தெரியும். தெரிந்தும் நினைத்தேன். நீ பெட்டி கட்டும்போது உதவாமல் உட்கார்ந்திருந்தேனே, அது அதனால்தான். அதற்காகச் சட்டியைக் கெடுத்தேனா? இல்லை. சத்தியமாக இல்லை.

எனக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. கறுப்பாக வருவதை வெள்ளையாக்கி அனுப்புவது. பேங்க் படிக்கட்டின் கைப்பிடி, ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பி, யார் வீட்டுக் குளியலறைக்கோ போகிற குழாய், எல்லாம் என் சக்கரத்தில் ஏறி இறங்கியவைதான். நம் வீட்டுக்கென்று ஒரு ஆணியைக் கூட நான் பாலிஷ் போட்டதில்லை. நீ கிளம்புகிற அன்றைக்கு உன் கையில் கொடுக்க என்னிடம் வேறு என்ன இருந்தது? அதோடு இன்னொன்று. கோபப்படாதே. கரிபிடித்த சட்டியோடு நீ போய் நின்றால், நடைபாதையிலிருந்து வந்தவள் என்று அங்கே யாராவது மட்டமாகப் பேசிவிடுவார்களோ என்று எனக்கு இருந்தது. யாரும் உன்னை அப்படிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பட்டறையில் எல்லோரும் போன பிறகு சக்கரத்தைப் போட்டு, கடைசியில் பஞ்சுச் சக்கரத்தில் வேறு பிடித்தேன். என் முகம் தெரிந்தது. மூக்கு முடி வரைக்கும் தெரிந்தது. இதுவரை நான் போட்ட பாலிஷில் அதுதான் நல்ல பாலிஷ். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கண்டக்டர் அண்ணன் சட்டியைக் கொடுக்கும்போது ஒரு மாதிரி பார்த்தார். "ஏம்ப்பா, உன் பொண்டாட்டி இதை நெஞ்சோட கட்டிப் பிடிச்சிக்கிட்டு குடுக்கவே மாட்டேங்குது. பஸ்ஸைக் கெளப்பணும்னு நான்தான் புடுங்கிக்கிட்டு வந்தேன். புள்ளைய ஹாஸ்டல்ல விட்டுட்டு வர்ற மாதிரி இருந்துச்சு" என்றார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

வந்த அன்றே பழக்க ஆரம்பித்துவிட்டேன். எண்ணெய்தானே வேண்டும் என்று தாராளமாக ஊற்றி, அடுப்பில் வைத்து, நன்றாகக் காய்ச்சி, அப்படியே ஆற விட்டேன். காலையில் பார்த்தால் பிசின். ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அது எழுந்திருக்கவே இல்லை.

எப்படிப் பழக்குவது என்று எழுது. நீ செய்ததை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். பார்த்தது உன்னை, சட்டியை இல்லை.

உன்,
கண்ணாடி
(பட்டறையில் இப்போதும் இந்தப் பட்டப்பேர்தான். மாற்றச் சொல்லியும் கேட்கவில்லை.)


பிப்ரவரி 14

கண்ணாடிக்கு,

'நீ' என்றே எழுதுகிறேன். மனம் இறங்கிவிட்டது என்று துள்ளாதே. சலவைச் சோடா போட்ட தண்ணீரில் நின்று விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. எழுத்து குறைந்தால் வலி குறையும்.

உன் பதிலில் பாதியை நம்புகிறேன். மீதிப் பாதிக்குச் சட்டி திரும்பி வரட்டும், பார்க்கலாம்.

கரிச்சட்டியைப் பார்த்து யாராவது என்னை மட்டமாகப் பேசுவார்கள் என்றாயே. இங்கே பொரிக்கிற வரிசையில் இருக்கிற அத்தனை சட்டியும் கறுப்பு. மாஸ்டர் சட்டிதான் இருப்பதிலேயே கறுப்பு, அவர் அதைத் தனியாகப் பூட்டி வைக்கிறார். உங்கள் பட்டறைக்கு வருகிறதெல்லாம் பார்ப்பதற்கென்று இருக்கிற சாமான். யார் யாரோ தொட்டுவிட்டுப் போக, நீ அதைப் பளபளவென்று வைத்திருக்க வேண்டும். என்னுடையது சோறு போடுகிற சாமான். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்த்துவிட்டாய். என்னைப் பற்றி யாரோ என்ன நினைப்பார்களோ என்று என் பொருளில் கை வைக்கிறதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு எரிவது அங்கேதான்.

இப்போது கவனமாகப் படி. பிசினை எடுக்க வேண்டும். கல் உப்பைப் போட்டுக் கந்தைத் துணியால் தேய். இந்த ஒரு தடவை மட்டும் சோப்பும் வெந்நீரும் போடலாம். கழுவியதும் துணியால் துடைத்து வைத்துவிட்டுப் போய்விடாதே. அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்கு. அரை நாள் ஈரம் இருந்தால் சிவந்துவிடும்.

சட்டி சூடாக இருக்கும்போதே சில சொட்டு எண்ணெய். அவ்வளவுதான். உள்ளே, வெளியே, அடியில், கைப்பிடியில், எல்லா இடத்திலும் பூசு. பிறகு காய்ந்த துணியை எடுத்து, தெரியாமல் எண்ணெய் கொட்டிவிட்டவன் மாதிரி அவ்வளவையும் துடைத்து எடு. சட்டியில் எண்ணெயே இல்லை என்று உனக்குத் தோன்ற வேண்டும். தோன்றினாலும் இருக்கும். அதற்கப்புறம் தீயில் வை. புகையும், புகையட்டும். புகை நின்றதும் அணைத்துவிட்டுத் தானாக ஆற விடு. அவசரப்பட்டுத் தண்ணீர் விட்டால் வெடித்துவிடும், அப்புறம் சட்டியும் இல்லை நானும் இல்லை. இதையே தினமும் செய். நிறம் ஏறின பிறகு வெங்காயத்தை வதக்கு, அதிலேயே சமைத்துச் சாப்பிடு. புளிப்பு எதையும் கிட்டே கொண்டுபோகாதே, போட்ட கறுப்பைத் தின்றுவிடும்.

இங்கே என்ன நிலைமை என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஊழியர்கள் சாப்பிட்டு, சூப்பர்வைசர்கள் சாப்பிட்டு, சமைத்தவர்கள் சாப்பிட்டு, எல்லாம் ஆன பிறகு கழுவுகிறவர்களுக்கு அடிப்பிடித்தது வரும். ஆறிப்போய் வரும். என் பக்கத்துத் தொட்டியில் ஒரு அக்கா நிற்கிறாள், நெட்டை அக்கா என்று கூப்பிடுகிறோம். அவள் சொல்கிறாள்: "இத்தனை வருஷமா சுடச்சுட சாப்பாடு போட்ட தட்டைத்தான் கழுவுறேன். சுடச்சுட ஒரு வாய் தின்னதில்ல." அவளுக்குக் கையுறை கேட்டேன். சூப்பர்வைசர், "கையுறை போட்டா தட்டு வழுக்கும்" என்றான். கை வெடித்தால் பரவாயில்லை போலிருக்கிறது.

நீ இருமுகிறாயாமே. கண்டக்டர் அண்ணன் சொன்னார். சக்கரத்துக்கு முன்னால் முகத்தை மூடாமல் நிற்கிறாயா? நான் அங்கே இல்லை என்று மூக்கில் இரும்புத் தூளை நிரப்பிக்கொள்கிறாயா? இதற்குப் பதில் வராவிட்டால் உனக்கு மறுபடியும் 'மதிப்பிற்குரிய' போடுவேன்.

ராங்கிக்காரி


பிப்ரவரி 23

ராங்கி,

சொன்னபடியே செய்தேன். உப்பு, துணி, சூடு, சொட்டு எண்ணெய், துடைப்பு, புகை. இரண்டு நாள் ஆகியும் எண்ணெய் நிற்கவில்லை. செதில் செதிலாக உரிந்து வந்தது. உன்மேல் சந்தேகம் வந்தது. பிறகு என்மேல் வந்தது.

கம்பிக்குப் பெயின்ட் அடிக்கிறதற்கு முன்னால் நாங்கள் அதைச் சொரசொரப்பாக்குவோம். வழவழப்பில் பெயின்ட் பிடிக்காது. சட்டியும் அப்படித்தான். நான் போட்ட பாலிஷ் அவ்வளவு நைஸ், எண்ணெய்க்குப் பிடித்துக்கொள்ள ஒரு பிடிமானம் இல்லை. முரட்டு எமரித்தாளை வாங்கி வந்து, தரையில் உட்கார்ந்து, கையாலேயே தேய்த்தேன். என் முகம் தெரிந்த இடத்தை நானே கீறினேன். முதலில் கண் போயிற்று, அப்புறம் வாய் போயிற்று. நான் போட்டதிலேயே நல்ல பாலிஷ் என்றேன் அல்லவா. உனக்காகப் போட்டது, உனக்காகவே போனது. வருத்தமாகத்தான் இருந்தது. சொல்லக் கூடாது என்று நினைத்தேன், சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் பிடித்தது. முதல் நாள் டீக்கறை மாதிரி மஞ்சள். அப்புறம் பழுப்பு. அதற்கப்புறம் ஒரு நாள் மாடி வீட்டு டெய்லர்.

கதவைச் சாத்திவிட்டுப் புகைய விட்டிருந்தேன். ஜன்னல் வழியாக மேலே போயிருக்கிறது. அவர் பக்கெட்டோடு ஓடி வந்து கதவை உதைத்துத் திறந்தார். சட்டி அடுப்பில் இருந்தது. நல்ல சூடு. தண்ணீர் விட்டால் வெடித்துவிடும் என்று நீ எழுதியது மட்டும்தான் ஞாபகம் வந்தது. அடுப்புக்குக் குறுக்கே போய் நின்றேன். பக்கெட் தண்ணீர் முழுதும் என் மேல்.

"நெருப்பு எங்கய்யா?" என்றார்.

"நெருப்பு இல்லண்ணே, சட்டியைப் பழக்கறேன்."

"வீட்டைக் கொளுத்தியா பழக்குவாங்க?"

"என் பொண்டாட்டி இப்படித்தான் எழுதியிருக்கா."

அவர் காலி பக்கெட்டைக் கீழே வைத்தார். என் தலையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. "தம்பி, அந்தப் பொண்ணு ஊருக்குப் போனதுலேர்ந்து உனக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் சாயங்காலம் முட்டை சாப்பிட அவரே வந்தார். இப்போது தினமும் வருகிறார். சட்டி பழகுகிறதோ இல்லையோ, டெய்லர் பழகிவிட்டார்.

முகமூடி பற்றிக் கேட்டாய். முதலாளியிடம் கேட்டேன். "இத்தனை நாள் மூக்கில்லாமலா இருந்தே?" என்றார். நீ விட்டுப்போன பச்சைக் கழுத்துத் துணியை எடுத்து முகத்தில் கட்டிக்கொண்டு நின்றேன். "பொம்பளை துணியைக் கட்டிக்கிட்டு நிக்கறியே, வெக்கமா இல்ல?" என்றார். "துணி பொம்பளையோடது, மூச்சு என்னோடது" என்றேன். இரண்டு நாளில் வரிசையில் இருக்கிற அத்தனை பேரும் ஆளுக்கொரு நிறத்தில் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பட்டறை கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. இருமல் குறைந்திருக்கிறது. முழுதாகப் போகவில்லை. பொய் எழுதவில்லை.

ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன், பிறகு அதைப் பற்றிப் பேச மாட்டேன். இந்தச் சட்டி கறுக்கக் கறுக்க நீ அங்கே நிரந்தரமாகிக்கொண்டே போகிறாய். இது எனக்குத் தெரிகிறது. தெரிந்துதான் தேய்க்கிறேன்.

இன்று காலை முட்டை வழுக்கியது. கரண்டியைத் தொடவே இல்லை. டெய்லர் சாட்சி.

கண்டக்டர் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது நானும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் இதே வியாதியா?" என்றார்.

கைப்பிடிக்கு அடியில் பார்க்காதே.

கண்ணாடி


மார்ச் 1

கண்ணாடி,

சட்டி வந்த அன்றே எழுதியிருக்க வேண்டும். முடியவில்லை. நடந்ததை நிதானமாகச் சொல்கிறேன், பயப்படாதே.

சட்டியைப் பிரித்ததும் மோந்து பார்த்தேன். என் வண்டியின் வாசனை இல்லை, உன் சமையல் வாசனை. பரவாயில்லை. மாஸ்டரிடம் காட்டினேன். ஒரு முறை விரலால் தடவிவிட்டு, "வியாழக்கிழமை முட்டை ஊத்து" என்றார். பொரிக்கிற வரிசையின் அலமாரியில் மற்றவர்கள் சட்டியோடு வைக்கச் சொன்னார்.

புதன்கிழமை மத்தியானம் சூப்பர்வைசர் வந்தான். மறுநாள் வெளியிலிருந்து பெரிய ஆட்கள் பார்வையிட வருகிறார்களாம். "கறுப்பா ஒரு சாமான் கண்ணுல படக் கூடாது. எல்லாத்தையும் சோடாத் தொட்டியில போட்டு வெளுத்துடுங்க" என்றான். எல்லாம் என்றால் அந்த அலமாரியும்தான். அவனே திறந்து, அத்தனை சட்டியையும் எங்கள் தொட்டி ஓரம் குவித்துவிட்டுப் போய்விட்டான். என்னுடையதும் அந்தக் குவியலில்.

பொரிக்கிற பெண்கள் சுவரோரம் நின்றார்கள். மாஸ்டரும் நின்றார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடுமே.

நெட்டை அக்கா ஒரு சட்டியைக் கையில் எடுத்தாள். "நேத்து வரைக்கும் இதைத் தொட்டா கையை ஒடிப்பேன்னாளுங்க. இன்னைக்கு நம்மகிட்ட தள்ளிட்டு நிக்குறாளுங்க. ஊறப் போட்டுறலாமா?" என்றாள். அவள் கண்ணில் ஒரு சந்தோஷம் இருந்தது. தப்பு என்று சொல்ல மாட்டேன். அடிப்பிடித்ததைத் தின்று தின்று வந்த சந்தோஷம் அது.

"வேணாங்க்கா" என்றேன்.

"உன் சட்டி உள்ளே கிடக்குன்னு சொல்றே."

"ஆமா. அதனாலதான் சொல்றேன்."

இப்படிப் பட்டென்று ஒப்புக்கொள்வேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. சிரித்துவிட்டாள். "இந்தச் சட்டிக்காக ஒருத்தன் தலையில பக்கெட் தண்ணி வாங்கியிருக்கான்" என்று டெய்லர் கதையையும் சொன்னேன். கழுவுகிற பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தான். வேகமாகத் தேய்க்கிற மாதிரி நடித்தோம்.

கடைசியில் நெட்டை அக்கா சொன்னாள்: "சரி. ஆனா அந்த வரிசைக்கு நீ போனா, முதல் முட்டை எனக்கு. சுடச்சுட. அவனுங்க எல்லாருக்கும் முன்னாடி." சரி என்றேன்.

வெங்காயச் சருகு மூட்டைகள் பின்னால் கிடக்கும், வாரக் கடைசியில்தான் எடுப்பார்கள். காய்ந்த சருகு, ஈரம் கிடையாது. ஒரு மூட்டைக்கு ஒரு சட்டி என்று நடுவில் புதைத்து வைத்துவிட்டோம். தொட்டியில் வெறும் சோடாத் தண்ணீரை நுரைக்க நுரைக்கக் கலக்கினோம்.

பெரிய ஆட்கள் வந்தார்கள். பளபளவென்று இருந்த வெறும் அண்டாக்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அண்டாவில் அவர்கள் முகம் தெரிந்தது. வெடித்த கையோடு பக்கத்தில்தான் நின்றோம், நாங்கள் தெரியவில்லை. பொரிக்கச் சட்டி இல்லாததால் அன்று ஊழியர்களுக்கு அவித்த முட்டை.

அவர்கள் போன மறுநாள் காலை சட்டிகள் அலமாரிக்குத் திரும்பின, அதே கறுப்போடு. சூப்பர்வைசருக்குப் புரிந்துவிட்டது. "யார் ஒளிச்சு வெச்சது?" என்று கத்தினான். கழுவுகிறவர்கள் ஒருத்தரும் காட்டிக்கொடுக்கவில்லை. புதிதாக வந்தவள் நான்தான், அதனால் நான்தான் என்று முடிவு பண்ணிவிட்டான். திங்கட்கிழமை ஆபீஸுக்கு வரச் சொல்லியிருக்கிறான். முட்டைப் பரீட்சையும் நின்றுவிட்டது. வேலையே இருக்குமா என்று தெரியவில்லை. அந்தப் பிரசவக்காரியின் இடத்துக்கு வேறு யாரையோ பார்ப்பதாகவும் பேச்சு.

சட்டி பத்திரம். அது மட்டும் இப்போதைக்கு.

ராங்கி


மார்ச் 2

ராங்கி,

கடிதம் வந்ததும் முதலில் 'வேலை போனால் போகட்டும், கிளம்பி வா' என்று எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதனால்தான் கிழித்தேன். உனக்குச் சங்கடம் வரும் நேரத்தில் எனக்குச் சந்தோஷம் வந்தால், முதல் கடிதத்தில் நீ கேட்ட கேள்வி சரியென்று ஆகிவிடும்.

ஆகவே இது இரண்டாவது கடிதம். தலை குனியாதே. செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போடாதே. அந்த இடம் உன்னுடையது. லாரி வந்தபோது நான் பட்டறைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், சக்கரத்தை நிறுத்தினால் முதலாளி திட்டுவாரே என்று. நீ அதை இதுவரை சொல்லிக் காட்டியதில்லை. இந்தத் தடவை பக்கத்தில் நிற்க முடியாத தூரத்தில் இருக்கிறேன். ஒரு வார்த்தை எழுது, வந்து வாசலில் நிற்கிறேன். பச்சைத் துணியைக் கட்டிக்கொண்டே வருகிறேன்.

டெய்லரும் கேட்கச் சொன்னார், சட்டிக்கு என்ன ஆச்சு என்று.

கண்ணாடி


மார்ச் 12

டேய் கண்ணாடி,

நீ வந்து வாசலில் நிற்க வேண்டாம். முடிந்துவிட்டது.

ஆபீஸில் சூப்பர்வைசர் மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடு என்றான். "எதுக்குங்க? சட்டியைக் கெடுக்காம இருந்ததுக்கா?" என்றேன். வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே மாஸ்டர் வந்தார். எனக்காகப் பேச வரவில்லை, எண்ணெய் டின் கேட்டு வந்தார். போகிற போக்கில் சொன்னார்: "சார், பொரிக்கணும்னா சட்டி வேணும். சட்டி வேணாம்னா சொல்லுங்க, நாளைக்கும் அவிச்ச முட்டை போடறேன்." சூப்பர்வைசர் முகம் மாறியது. அவித்த முட்டை போட்ட அன்று ஊழியர்கள் தட்டைத் தட்டிக் கலாட்டா பண்ணியிருக்கிறார்கள், அந்தச் சத்தம் மேலிடம் வரைக்கும் போயிருக்கிறது. ஆக என்னைக் காப்பாற்றியது நியாயம் இல்லை, பசி. அதுவாவது காப்பாற்றியதே.

சும்மா விடவில்லை. கழுவுகிற அத்தனை பேருக்கும் போன ஞாயிறு விடுமுறையைப் பிடுங்கிவிட்டான். பொரிக்கிற வரிசைக்கு விடுமுறை உண்டு. யாருடைய சட்டிக்காகச் செய்தோமோ அவர்கள் ஞாயிற்றுக்கிழமை தலைவாரிக்கொண்டு வெளியே போனார்கள். இதை நான் மறக்க மாட்டேன்.

அவர்களில் ஒருத்தி மட்டும் திரும்பி வந்து எங்களோடு தொட்டியில் இறங்கினாள். முதல் நாள் "ஷோகேஸ் சட்டியா" என்று கேட்டாளே, அவள்தான். தட்டைத் தேய்த்தாள்.

திங்கட்கிழமை மாஸ்டர் கூப்பிட்டார். "எங்கே உன் சட்டி?" அடுப்பில் வைத்தேன். எண்ணெய் விட்டேன். முட்டையை உடைத்தேன். சொல்கிறேன் கேள், எனக்குப் பயமாக இருந்தது. உன்னை நம்பி ஊற்றுகிறோமே என்று. சாய்த்தேன். முட்டை கிளம்பி, ஓரத்தில் ஒரு நொடி நின்று, தட்டில் போய்ப் படுத்தது. மஞ்சள் உடையவில்லை.

மாஸ்டர் சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு பழக்கினது?"

"வீட்டுக்காரரு."

"சமையல்காரரா?"

"இல்லீங்க. பட்டறையில பாலிஷ் போடறவரு."

"அந்த ஷோகேஸ் சட்டி?"

"அதுவும் அவருதாங்க."

மனுஷன் சிரித்து நான் பார்த்ததில்லை. எண்ணெய் டின்னைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாளையிலேர்ந்து கடைசி அடுப்பு உனக்கு" என்றார்.

மறுநாள் முதல் முட்டையைத் தட்டில் வாங்கி, நேராகக் கழுவுகிற பக்கம் கொண்டுபோனேன். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கட்டும். நெட்டை அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே, ஆவி பறக்கப் பறக்கச் சாப்பிட்டாள். பிறகு தட்டை நீட்டி, "உப்பு கம்மி" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இனி தினமும் முதல் முட்டை அந்தப் பக்கம் போகும், ஆள் மாற்றி மாற்றி. நிறுத்தினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மீதிப் பாதியையும் நம்பிவிட்டேன். முட்டை வழுக்கியபோது தெரிந்தது. நீ ஒரு நாள் குறைத்துத் தேய்த்திருந்தால் போதும், ஒரு கை எண்ணெய் கூடப் போட்டிருந்தால் போதும், முட்டை ஒட்டியிருக்கும், நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்திருப்பேன். யாருக்கும் தெரிந்திருக்காது. என்னை இங்கே நிறுத்தி வைக்கிற சட்டியை நீயே உட்கார்ந்து கறுக்க வைத்திருக்கிறாய். மேல் தட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கீழே படுப்பவள், "என்னடி தனியா சிரிக்கிறே" என்றாள். அழுகிறேன் என்று சொல்லவில்லை.

லாரி வந்த அன்று நீ உள்ளே நின்றதைப் பார்த்தேன். உன்னைத் திட்டியிருக்கலாம். ஆனால் நீ வெளியே வந்திருந்தால் உன் வேலையும் அன்றே போயிருக்கும். சொல்லிக் காட்டாததற்கு அதுதான் காரணம், பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளாதே.

இனி என் பொருளில் கை வைக்கிறதாக இருந்தால் முதலில் கேள். இது ஒன்றுதான் நிபந்தனை. பச்சைத் துணியைக் கழற்றாதே. அது நிபந்தனை இல்லை, உத்தரவு.

கைப்பிடிக்கு அடியில் பார்த்தேன். பார்க்காதே என்று சொன்னால் பார்ப்பேன் என்று தெரிந்துதானே எழுதினாய். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு இடத்தைக் கீறாமல், கறுக்க விடாமல், பாலிஷோடு விட்டிருக்கிறாய். என் கண் ஒன்று அதில் தெரிந்தது. அவ்வளவு வேலையையும் அழித்துவிட்டு அதை மட்டும் அழிக்க உனக்கு மனம் வரவில்லை. இருக்கட்டும். ஆனால் அந்த இடத்துக்குத் தோல் இல்லை. இந்தச் சமையற்கட்டு ஆவியில் இன்று காலை அங்கே சின்னதாகச் சிவப்பு விழுந்திருந்தது. அதைத் தினமும் துடைத்துக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை, அடுப்பு காத்திருக்கிறது.

வரும் ஞாயிறு எனக்கு விடுமுறை. கண்டக்டர் அண்ணன் பஸ் காலையில் இங்கே வருகிறது. வந்து துடைத்துவிட்டுப் போ. மறுபடியும் சிவக்கும், மறுபடியும் வர வேண்டியிருக்கும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

எமரித்தாள் கொண்டுவராதே. துணி மட்டும் போதும்.

ராங்கி